வீட்டுத் தச்சுப்பட்டறைக்கு ஏற்ற தூசு உறிஞ்சியைத் தெரிவுசெய்தல்

சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்களில் தச்சுத் தொழில் தெரிந்த ஒருவர் இருந்தால் அவருக்கு வேலை தேடி வரும். கதவு, நிலை, யன்னல், கூரைமரம், கட்டில், மேசை, கதிரை என்று ஊர் முழுவதற்கும் எல்லாம் புதிதாகத் தேவைப்படுகின்றன. வாழ்வாதார உதவியாகக் கிடைக்கும் பணத்தில் மின்வாளும் சாண்டரும் வாங்கி, வீட்டின் தாழ்வாரத்திலோ பக்கத்தில் இறக்கிய கொட்டிலிலோ பலர் தொழிலைத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு தறப்பாள் மட்டுமே தொங்குகிறது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், அடுப்பு எரிகிறது, வயதானவர்கள் படுத்திருக்கிறார்கள்.

பட்டறையில் எழும் மரத்தூசு தறப்பாளோடு நின்றுவிடுவதில்லை. அதை அடக்கும் கருவியே தூசு உறிஞ்சி. கையில் உள்ள பணம் குறைவு என்பதால், எது தேவை, எது இப்போதைக்குத் தேவையில்லை, கடையில் என்ன கேட்க வேண்டும் என்பவற்றை முன்னரே அறிந்திருப்பது நல்லது. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்பட்டது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

மரவேலையில் இரண்டு வகையான கழிவுகள் உண்டாகின்றன. சீவல்களும் பருமனான தூளும் ஒரு வகை. இவை உடனே நிலத்தில் விழும், கூட்டி அள்ளலாம். மற்றது மிக நுண்ணிய தூசு. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரோனுக்கும் சிறிய தூசு நிலத்தில் விழாமல் நெடுநேரம் காற்றில் மிதக்கும். சுவாசத்துடன் உள்ளே போய் நுரையீரலின் ஆழம்வரை செல்வது இதுவே. சீவுளியால் இழைக்கும்போது இது குறைவாகவும், சாண்டர் போடும்போதும் மின்வாளால் அறுக்கும்போதும் மிக அதிகமாகவும் உண்டாகும்.

மூக்கு அடைப்பு, கண் எரிவு, தோல் அரிப்பு, இருமல், இழுப்பு ஆகியவை இதனால் வரும். எமது பகுதியில் பெரிதும் பயன்படும் தேக்கு, முதிரை, மகோகனி ஆகியவற்றின் தூசு சிலருக்குத் தோல் அழற்சியையோ மூச்சுத் தொல்லையையோ உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாவது தொகுதியில் சேர்த்தது. மூக்கினுள் வரும் அந்த நோய், பல ஆண்டுகள் தூசில் வேலை செய்த பின்னரே வெளிப்படும். ஆகவே இன்று சுகமாக இருப்பதை வைத்துத் தூசு எமக்கு ஒத்துக்கொள்கிறது என்று முடிவுசெய்ய முடியாது.

உங்கள் பட்டறையில் தூசு எவ்வளவு மிதக்கிறது என்பதைப் பணம் செலவழிக்காமலே பார்க்கலாம். மாலையில் வேலை முடிந்து விளக்கை அணைத்தபின், ஒரு டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மின்னி அசைவதுதான் நீங்கள் சுவாசிக்கும் தூசு. வீட்டுப் பக்கத்திலும் அதே போல் அடித்துப் பாருங்கள்.

முதலில் உங்கள் வேலையைக் கணக்கிடுங்கள்

எல்லாப் பட்டறைக்கும் தூசு உறிஞ்சி தேவையில்லை. கைவாள், உளி, சீவுளி ஆகியவற்றுடன் மட்டும் வேலை செய்பவர், காற்றோட்டமான இடம், நல்ல முகக்கவசம், ஈரம் தெளித்துக் கூட்டும் பழக்கம் ஆகிய மூன்றோடு தொடங்கலாம்.

கையில் பிடித்து இயக்கும் மின்கருவிகளான சாண்டர், கைமின்வாள், றூட்டர் ஆகியவற்றைப் பயன்படுத்துபவருக்குப் பட்டறை வக்கூம் போதும். நிலையாகப் பொருத்திய மேசைவாள், இழைப்பு இயந்திரம் ஆகியவை உள்ளவருக்குப் பை வைத்த பெரிய உறிஞ்சி தேவை. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. ஒன்றுக்குப் பதிலாக மற்றதை வாங்கினால் பணம் வீணாகும்.

இரண்டு வகை உறிஞ்சிகள்

பட்டறை வக்கூம் வலுவாக இழுக்கும். ஆனால் அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. அதன் குழாய் பெரும்பாலும் 32 தொடக்கம் 50 மில்லிமீற்றர் வரை அகலமானது. சாண்டரின் வாயில் நேரடியாகப் பொருத்தினால், தூசு எழும் இடத்திலேயே அதைப் பிடித்துவிடும். ஆனால் இழைப்பு இயந்திரத்தில் பொருத்தினால் சீவல்கள் சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடும்.

பை வைத்த உறிஞ்சியில் மோட்டரும் பெரிய விசிறியும் இருக்கும். மேலே ஒரு துணிப்பை காற்றை வடிக்கும். கீழே உள்ள பையில் தூள் சேரும். இது மெதுவாக இழுத்தாலும் பெருமளவு காற்றை அள்ளும். இதற்கு 100 மில்லிமீற்றர் குழாய் வேண்டும். இதில் சிறிய குழாயைப் பொருத்திச் சாண்டருக்குக் கொடுத்தால் இழுவை போதாது.

இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வசதியில்லாவிட்டால் முதலில் பட்டறை வக்கூமை வாங்குங்கள். மிக நுண்ணிய தூசைக் கிளப்பும் வேலை சாண்டர் போடுவதே. அதை அடக்குவது வக்கூம். இழைப்பு இயந்திரத்தின் சீவல்களைச் சில மாதங்களுக்குக் கூட்டி அள்ளலாம்.

வக்கூமுக்கு முன்னால் ஒரு வாளி

வக்கூமின் வடிகட்டி விரைவில் அடைபடும். அடைபட்டால் இழுவை குறையும். இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. பெயின்ற் வரும் 20 லீற்றர் வாளியை அதன் இறுக்கமான மூடியுடன் எடுங்கள். மூடியில் இரண்டு துளைகள் இடுங்கள். கருவியிலிருந்து வரும் குழாய் வாளியின் சுவரை ஒட்டிச் சரிந்து உள்ளே போக வேண்டும். வக்கூமுக்குப் போகும் குழாய் மூடியின் நடுவிலிருந்து புறப்பட வேண்டும். உள்ளே காற்று சுழலும்போது பாரமான தூள் சுவரில் மோதி அடியில் விழும். நுண்தூசு மட்டும் வக்கூமுக்குப் போகும். இணைப்புகளில் காற்றுக் கசிந்தால் இது வேலை செய்யாது. மெல்லிய வாளி இழுவையில் நசுங்கிவிடும் என்பதால் தடித்த வாளியையே எடுங்கள். பாதி நிரம்பியதும் வெறுமையாக்குங்கள்.

குழாயின் அகலமும் தூரமும்

உறிஞ்சியின் பெட்டியில் எழுதியிருக்கும் காற்றின் அளவு பெரும்பாலும் குழாயும் பையும் இல்லாமல் அளந்தது. பட்டறையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இதை மனதில் வைத்துக் கணக்கிடுங்கள்.

சீவல்கள் குழாயில் தங்காமல் ஓடுவதற்குக் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். 100 மில்லிமீற்றர் குழாயில் அந்த வேகம் வர, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 565 கனமீற்றர் காற்று தேவை. சில இயந்திரங்களில் இது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என எழுதப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தை 1.7 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கான கனமீற்றர் கிடைக்கும். பெட்டியில் 600 என்று மட்டும் எழுதியிருந்தால், குழாய் பொருத்தியபின் அது போதாமல் போகும். இன்னும் கூடிய அளவுள்ளதைப் பாருங்கள்.

குழாயின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றுப் போகும் வழி நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே 100 மில்லிமீற்றர் வாயை 50 ஆகக் குறைத்து ஒட்டவேண்டாம். குழாய் நீளமானால், வளைவுகள் கூடினால், உட்புறம் சுருக்கம் நிறைந்த ஹோஸாக இருந்தால் இழுவை குறையும். உறிஞ்சியைச் சில்லு வைத்து நகர்த்தி, ஒரு நேரத்தில் ஓர் இயந்திரத்துக்கு மட்டும் குறுகிய ஹோஸால் இணைப்பது சிறிய பட்டறைக்கு மிகச் சிறந்தது.

உறிஞ்சும் வாயையும் தூசு எழும் இடத்துக்கு மிக அருகில் வையுங்கள். குழாயின் அகலமளவு தூரம் விலகினாலே இழுவையின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். 100 மில்லிமீற்றர் குழாயை ஓர் அடி தள்ளி வைத்துவிட்டு, உறிஞ்சி சரியில்லை என்று சொல்வதில் பயனில்லை.

பையே முக்கியம்

உறிஞ்சி வாங்கும்போது பலர் மோட்டரின் குதிரைவலுவை மட்டும் பார்க்கிறார்கள். வடிகட்டும் பை எத்தனை மைக்ரோன் என்பதை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். மலிவான இயந்திரங்களில் 30 மைக்ரோன் பை வரும். அது சீவலைப் பிடித்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் நுண்தூசை மேலே வெளியே ஊதிவிடும். நிலம் துப்புரவாக இருக்கும். காற்று முன்னரைவிட மோசமாகும். 5 மைக்ரோன் பை ஓரளவு நல்லது. 1 மைக்ரோன் பை அதைவிட நல்லது. மோட்டரில் அரைக் குதிரைவலு குறைந்தாலும் நல்ல பையுள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்.

வக்கூம் என்றால் ஹெப்பா வடிகட்டி உள்ளதா என்று கேளுங்கள். 0.3 மைக்ரோன் அளவுள்ள தூசிலும் 99.97 வீதத்தைப் பிடிப்பதே அந்தத் தரம். வெறும் பஞ்சு வடிகட்டி இதற்கு ஈடாகாது. பையையோ வடிகட்டியையோ வீட்டுக்குள் உதற வேண்டாம். வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, முகக்கவசத்துடன் உதறுங்கள்.

மின்சாரம் தாங்குமா?

எமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். 110 வோல்ற்று என்று எழுதிய பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

தூசு உறிஞ்சியும் வெட்டும் கருவியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 1,400 வாற்று மின்வாளும் 1,200 வாற்று வக்கூமும் சேர்ந்தால் 2,600 வாற்று. அதாவது ஏறத்தாழ 11 அம்பியர். உங்கள் வீட்டு இணைப்பு 15 அம்பியர் என்றால் இது தாங்கும். ஆனால் அதே நேரத்தில் வீட்டில் 1,500 வாற்று மின்கேத்தல் போட்டால் 17 அம்பியரைத் தாண்டி மின்சாரம் துண்டிக்கப்படும். வாள் மரத்தில் பாதியில் நிற்பது ஆபத்தானது. மின்சாரம் திரும்பும்போது அது தானாகச் சுழலத் தொடங்கினால் இன்னும் ஆபத்து. துண்டிக்கப்பட்டவுடன் கருவியின் ஆளியை நிறுத்திவிடுங்கள்.

பை வைத்த உறிஞ்சியின் மோட்டர் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னை இழுக்கும். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று என்று கணக்குப் பார்த்து அதே அளவு ஜெனரேற்றரை வாங்கினால் மோட்டர் எழும்பாது. முதலில் உறிஞ்சியைப் போட்டு, அது வேகம் எடுத்தபின் வாளைப் போடுங்கள். மெல்லிய நீட்டிப்பு வயரைப் பயன்படுத்த வேண்டாம். சுருட்டி வைத்தபடி பாவித்தால் அது சூடேறி உருகும். ட்ரிப் சுவிட்சும் நிலத்தொடுப்பும் சரியாக உள்ளனவா என்பதைத் தகுதியுள்ள மின்னிணைப்பாளரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

குளிர் நாடுகளில் அறையின் சூட்டைக் காக்க வேண்டும் என்பதால் வடித்த காற்றை மீண்டும் அறைக்குள் விடுகிறார்கள். எமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உறிஞ்சியைக் கொட்டிலுக்கு வெளியே, ஒரு சிறு தகரக் கூரையின் கீழ் வைத்து, குழாயை மட்டும் உள்ளே விடலாம். பையால் தப்பும் நுண்தூசு வெளியே போய்விடும், இரைச்சலும் குறையும். பை மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நனைந்த பை காற்றை விடாது.

சோளகம் வீசும் காலத்திலும் வாடை வீசும் காலத்திலும் காற்றின் திசை மாறும். கொட்டில் போடும் முன் இரண்டு காலத்திலும் தூசு எங்கே போகும் என்று பாருங்கள். குசினி, கிணறு, பிள்ளைகள் படுக்கும் இடம், அயலவரின் வாசல் ஆகியவை அந்தத் திசையில் இருக்கக்கூடாது. பட்டறையைப் பதிவுசெய்வது, அனுமதி பெறுவது பற்றிப் பிரதேச சபையிலும் முன்னரே கேட்டறியுங்கள்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

யுத்தம் நடந்த இடங்களில் வளர்ந்த பனை, வேம்பு, பாலை போன்ற மரங்களுக்குள் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் புதைந்திருக்கலாம். பதுங்குகுழிக்கு அடுக்கியிருந்த குற்றிகளிலும் பழைய வீட்டு மரங்களிலும் அப்படியே. வாள் அதில் பட்டால் பல்லு உடைந்து தெறிக்கும். எழும் தீப்பொறியை உறிஞ்சி இழுத்துக்கொண்டுபோய்ப் பையில் உள்ள தூளில் சேர்த்துவிடும். அது வெளியே தெரியாமல் கனன்று, இரவில் எல்லோரும் உறங்கும்போது பற்றிக்கொள்ளும்.

அறுக்கும் முன் பட்டையில் உள்ள பழைய தழும்புகளையும் வீக்கங்களையும் பாருங்கள். பலகையில் கருநீலக் கறை இருந்தால் அருகில் இரும்பு இருக்கக்கூடும். வலுவான காந்தத்தையோ உலோகம் காட்டும் சிறு கருவியையோ மேற்பரப்பில் நகர்த்திப் பாருங்கள். ஆழத்தில் உள்ளதையும் பித்தளை, செப்பு போன்றவற்றையும் காந்தம் காட்டாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ‘டங்’ என்று உலோகச் சத்தம் கேட்டால் வாளையும் உறிஞ்சியையும் உடனே நிறுத்துங்கள். பையை வெளியே எடுத்துத் தூளை நனைத்துவிடுங்கள். சிதறலாக அல்லாமல் முழுப் பொருளாக ஏதேனும் தென்பட்டால் தொடாதீர்கள், கிண்டாதீர்கள். எல்லோரையும் விலக்கி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

உறிஞ்சிக்குக் குழாயும் பீப்பாவும் தேவை என்று காணியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் இரும்புக் குழாய், பெட்டி, உருளை எதையும் எடுக்க வேண்டாம். கடையில் வாங்கிய வாளியும் குழாயும் போதும்.

உறிஞ்சி பொருத்திய இடத்தில் கிறைண்டரால் இரும்பு அறுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் மாலையில் பையை வெறுமையாக்கித் தூளை வீட்டிலிருந்து விலக்கி வையுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதைத் தூளுடன் போடாமல் விரித்துக் காயவிடுங்கள் அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

அஸ்பெஸ்ரஸ் தகட்டுக்கு இது பொருந்தாது

பழைய வீடுகளின் அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடுகளை அறுக்கவோ துளையிடவோ இந்த உறிஞ்சிகளைப் பயன்படுத்த வேண்டாம். அதன் நார்கள் சாதாரணப் பைக்குள்ளால் வெளியேறி வீடெங்கும் பரவும். உடைந்த தகடுகளை மின்கருவியால் வெட்டாமல், நனைத்து, முழுதாகவே அகற்றுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. மோட்டர் எத்தனை வாற்று? 230 வோல்ற்றுக்கு உரியதா?
2. காற்றின் அளவு எவ்வளவு? குழாயும் பையும் பொருத்தி அளந்ததா?
3. பை எத்தனை மைக்ரோன்? மாற்றுப் பை இந்தக் கடையிலேயே கிடைக்குமா, என்ன விலை?
4. என் கருவியின் வாய்க்குக் குழாய் பொருந்துமா? (கருவியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.)
5. பழுதானால் யார் திருத்துவார்? உத்தரவாதச் சீட்டு உண்டா?

பழைய இயந்திரம் என்றால் கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். விசிறி உராயும் சத்தம், மோட்டரில் எரிந்த மணம், பையில் ஓட்டை ஆகியவை இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று நான்கு தச்சர்கள் அருகருகே இருந்தால், இழைப்பு இயந்திரத்தையும் பெரிய உறிஞ்சியையும் பொதுவில் ஓரிடத்தில் வைத்துப் பகிர்வதைப் பற்றிக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்துப் பாருங்கள்.

உறிஞ்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும்

துணிக்கட்டு நுண்தூசைத் தடுக்காது. என்-95 அல்லது எவ்.எவ்.பி.2 தரமுள்ள முகக்கவசத்தை மூக்கோடு இறுக்கி அணியுங்கள். உறிஞ்சியை நிறுத்தியபின்னும் தூசு மிதப்பதால் உடனே கவசத்தைக் கழற்ற வேண்டாம். காய்ந்த நிலத்தைக் கூட்டாதீர்கள், நீர் தெளியுங்கள். உடம்பில் உள்ள தூளைக் காற்றடித்து நீக்காதீர்கள். குளித்து உடை மாற்றியபின் குழந்தையைத் தூக்குங்கள். வேலை உடுப்பைத் தனியே தோயுங்கள்.

சேர்ந்த தூளை மரத்தூள் அடுப்புக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒட்டுப்பலகை, எம்.டி.எவ். பலகை, பெயின்ற் பூசிய அல்லது மருந்தடித்த மரம் ஆகியவற்றின் தூளை அடுப்பில் எரிக்க வேண்டாம். அவற்றிலுள்ள பசையும் மருந்தும் நச்சுப் புகையாகும். பயிருக்கு இடுவதானால் சாணத்துடன் சேர்த்து மக்கவிட்டபின் இடுங்கள். பச்சைத்தூள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துப் பயிரை மஞ்சளாக்கும்.

வேலை நாட்களில் இருமலும் இழுப்பும் கூடி, ஓய்வு நாட்களில் குறைந்தால் தூசே காரணமாக இருக்கலாம். வைத்தியரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தூசுதானே என்று விட்டுவிடாமல், அரச வைத்தியசாலையில் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அது காசநோயாகவும் இருக்கலாம்.

உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கருவிகளின் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாள், சாண்டர் என்று எழுதும் அதே தாளில் வக்கூம், இரண்டு மாற்று வடிகட்டிகள், முகக்கவசங்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தூசு உறிஞ்சி ஆடம்பரப் பொருள் என்று யாராவது சொன்னால், பட்டறைக்கும் பிள்ளைகளின் படுக்கைக்கும் இடையில் எத்தனை அடி என்பதை அளந்து சொல்லுங்கள்.